மாப்பிள்ளை வயிறு

ஜூலை 6

கல்யாணத்துக்கு வந்த பரிசுகளில் சுவர்க்கடிகாரமும் டின்னர் செட்டும் போக மிஞ்சியது இந்த டைரிதான். கொடுத்தவன் இன்ஷூரன்ஸ் ஏஜென்டாக இருக்கும் என் சிநேகிதன். பாதி வருஷம் போன டைரியைப் பரிசாகக் கொடுக்க அவனுக்குத்தான் மனசு வரும். சரி, மிச்சத்தையாவது எழுதலாம்.

எங்கள் ஊரில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். வீடு எப்போதும் பெண் பிள்ளைக்குத்தான். அதனால் சாலிஹ் என்கிற நான், மெயின் ரோட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன், உம்மா வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி மாமி வீட்டு, அதாவது மாமியார் வீட்டு, மாடியறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இன்று காலை என் மனைவி சுலைஹா ரொம்ப நேரம் தயங்கிவிட்டு, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், தப்பா நினைக்கக் கூடாது என்றாள். கொடைக்கானல் போகலாமா என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்து நான் முகத்தைத் தயார் செய்துகொண்டேன். அவள் பீரோவைத் திறந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து நீட்டினாள். நாளைக் காலை முதல் காரியமாக அதில் கொஞ்சம் வேண்டுமாம்.

கொஞ்சம் என்ன என்பதைப் புரிந்துகொள்ள எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

ஜூலை 9

கொடுத்துவிட்டேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை.

சுலைஹா நுண்ணுயிரியல் படித்தவள். திருநெல்வேலியில் டாக்டர் பூங்கோதை என்பவர் நடத்தும் ஆராய்ச்சியில் வேலை பார்க்கிறாள். மனுஷன் வயிற்றுக்குள் கோடிக்கணக்கில் உயிர்கள் குடியிருக்கின்றனவாம். நாம் தின்பதைத்தான் அவையும் தின்று பிழைக்கின்றன. கீரை, தானியத்து நாரைத் தின்பவை ஒரு ஜாதி, இறைச்சி, கொழுப்போடு ஒத்துப்போகிறவை இன்னொரு ஜாதி. ஊருக்கு ஊர் சாப்பாடு வேறு என்பதால் ஊருக்கு ஊர் வயிறும் வேறு. மலைக்கிராமம், தேயிலைத் தோட்டம், சென்னை அடுக்குமாடி என்று பல இடங்களில் எடுத்திருக்கிறார்கள். எங்கள் ஊரையும் சேர்க்கச் சொன்னது சுலைஹாதான். மற்ற ஊர்களில் கல்யாணத்தோடு பெண் அடுப்பு மாறுகிறாள். இங்கே ஆண் மாறுகிறான். புது மாப்பிள்ளையின் வயிறு மாமி வீட்டு வயிறாக மாற எத்தனை நாள் ஆகும் என்பது அவள் கேள்வி.

இதற்காக என்னையும் சேர்த்துப் புது மாப்பிள்ளைகள் ஏழு பேரைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்திருக்கிறாள். மூன்று மாதம் கழித்து இரண்டாம் டப்பா. அது ஒழுங்காக வந்துவிட்டால் டாக்டர் அவளைத் தன்னிடமே பி.எச்டி.க்குச் சேர்த்துக்கொள்வார். கல்யாணம் முடிந்தும் படிக்கிறேன் என்று நிற்கிற ஒரே பெண் எங்கள் தெருவில் இவள்தான். இதை அவள் சொன்னபோது எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது.

நிபந்தனை ஒன்றுதான். மூன்று மாதமும் மாமி வீட்டுச் சாப்பாடு மட்டும். தினம் என்ன சாப்பிட்டேன் என்று அவள் கேட்டு எழுதிக்கொள்வாள், வெளியே வாய் வைத்தால் அன்றன்றே சொல்ல வேண்டும். வாரத்தில் ஒரு தடவைக்கு மேல் போனால் என்னைக் கணக்கில் சேர்க்க முடியாது. சத்தியம் செய்து கொடுத்தேன். மாமி கையால் இடியாப்பமும் இறைச்சி ஆணமும் சாப்பிட்ட வாயால் சத்தியம் செய்வது சுலபமாகத்தான் இருந்தது. ஆணம் என்றால் எங்கள் ஊரில் குழம்பு. மாமி வைத்தால் அது குழம்பையும் தாண்டிய வேறு ஒன்று.

ஜூலை 11

அதிகாலை சுபுஹ் தொழுகை முடிந்து அப்படியே உம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். பார்க்க மட்டும்தான்.

ஜூலை 12

உம்மாவுக்கு நாங்கள் இரண்டு பேரும் ஆண். காக்கா, அதாவது அண்ணன், கல்யாணமாகி மனைவி வீட்டுக்குப் போய், அங்கிருந்து துபாய்க்கும் போய்விட்டார். இப்போது நானும் கிளம்பியாயிற்று. பெண் பிள்ளை இருக்கும் வீடுகளில் எல்லாம் புதிதாக ஒரு ஆள் வந்து சேருகிறான். உம்மா வீட்டிலிருந்து ஆள் போக மட்டும்தான் செய்கிறது. வாப்பாவும் மௌத்தாகி எங்களை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

நேற்றுப் போனபோது அடுப்பு குளிர்ந்து கிடந்தது. உம்மா டீயில் ரஸ்க்கை நனைத்துக்கொண்டிருந்தாள். ஒருத்திக்கு என்னத்தைச் சமைக்க என்றாள். இன்று போகும்போது ஏதோ ஒரு யோசனையில், இன்னும் பசியாறலை உம்மா என்று சொல்லிவிட்டேன். அவள் எழுந்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வாப்பாவுக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து அந்த வீட்டில் கம்பும் கேழ்வரகும் கொள்ளும்தான். கம்பங்கஞ்சி, முருங்கைக்கீரைப் பொரியல், சின்ன வெங்காயம். தட்டை வைத்துவிட்டு அவளும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

நான் சும்மா ரெண்டு வாய்தான் சாப்பிட்டேன். சுலைஹாவிடம் சொல்ல மறந்துவிட்டது.

ஜூலை 20

பேன்ட் பட்டனை ஒரு விரல் தள்ளித் தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

காலையில் இப்போது எனக்கு இரண்டு பசியாறல். விடிந்ததும் உம்மாவிடம் ரெண்டு வாய். பிறகு வியர்வையைத் துடைத்துக்கொண்டு மாமி வீட்டுக்கு வந்தால் மேஜையில் இடியாப்பம், ஆணம், முட்டை, வாரக் கடைசி என்றால் இனிப்புக்கு வட்டிலப்பம். புது மாப்பிள்ளை தட்டில் ஒரு இடியாப்பத்தை மிச்சம் வைத்தால் மாமிக்கு முகம் வாடிவிடுகிறது, அதனால் மிச்சம் வைப்பதில்லை.

எங்கே போய்வருகிறீர்கள் என்று சுலைஹா கேட்டாள். வாக்கிங் என்றேன். அவளுக்கு ஒரே சந்தோஷம், நல்ல பழக்கம் என்று பாராட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமனார் உமர் மாமா, ஆமாமா, நடக்கிறது உடம்புக்கு நல்லது என்று பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார். அவரும் தினம் காலையில் நடக்கிறவர்தான். நான் வடக்கே போவேன், அவர் தெற்கே.

ஆகஸ்ட் 3

வாக்கிங்.

ஆகஸ்ட் 15

ஏழு மாப்பிள்ளையில் நான்கு பேர் கழன்றுகொண்டார்கள். ஒருவன் விசா வந்து சவூதி போய்விட்டான். ஒருவன் சென்னைக்குத் தனிக்குடித்தனம். மூன்றாமவன் வீட்டில் டப்பாவை மாமியார் கண்டுபிடித்து, என் சமையலில் என்ன கலந்திருக்கிறதென்று சோதிக்கிறீர்களா என்று அழுதே விட்டாராம். நான்காமவன் காரணம் சொல்லவில்லை, வெட்கம்தான்.

மூன்று பேருக்குக் குறைந்தால் எங்கள் ஊரையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். சுலைஹா இன்று கடைக்கே வந்து என் எதிரே உட்கார்ந்து புலம்பினாள். அவள் மனசை மாற்றுவதற்காக அவள் பாடத்தைப் பற்றியே கேட்டேன், உடனே முகம் மலர்ந்துவிட்டது. ஜப்பான்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடற்பாசி சாப்பிட்டு, அதைச் செரிக்கிற வித்தையை அவர்கள் வயிற்று உயிர்களே கற்றுக்கொண்டு விட்டனவாம். காட்டில் கிழங்கும் தேனும் தின்பவர்கள் வயிற்றில் நம்மைவிடப் பல மடங்கு வகை இருக்கிறதாம். வேறு நாட்டுக்குக் குடிபோனால் சாப்பாடு மாற மாற உள்ளே இருப்பவையும் ஒவ்வொன்றாகக் குறைந்துபோகுமாம். நோன்பு மாதத்தில் நாமும்தான் கடற்பாசி காய்ச்சிக் குடிக்கிறோம், நமக்கும் அந்த வித்தை வந்திருக்குமா என்று கேட்டேன். பார்க்கணும், யாரும் இன்னும் பார்க்கலை என்றாள். யாரும் பார்க்கவில்லை என்பதைச் சொல்லும்போது அவளுக்கு வாயெல்லாம் பல்.

போகும்போது, உங்களை நம்பித்தான் இருக்கேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு வந்த வாடிக்கையாளருக்கு இடது கண் பவரை வலது கண்ணில் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 8

இன்றோடு நிறுத்திவிடுவது என்று தீர்மானம் செய்து, அதைச் சொல்லத்தான் உம்மா வீட்டுக்குப் போனேன்.

உம்மா வாசலிலேயே நின்றாள். கொள்ளு ஊறப்போட்டு முளை கட்டியிருக்கிறாள். பக்கத்து வீட்டில் கேட்டு அகத்திக்கீரை வாங்கியிருக்கிறாள். முன்பெல்லாம் கடைக்காரப் பையனிடம் சீட்டுக் கொடுத்து அனுப்பியவள், இப்போது தானே சந்தைக்குப் போய்வருகிறாளாம். ரஸ்க் பாக்கெட் கட்டு பிரிக்காமல் ஷெல்பில் இருந்தது. கன்னம்கூடக் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது.

சாப்பிட்டேன். கை கழுவும்போது என்னைச் செல்லமாக வாப்பா என்று கூப்பிட்டு எப்போதும் கேட்பதைக் கேட்டாள்.

"நாளைக்கு என்ன செய்யட்டும் வாப்பா?"

கேழ்வரகு அடை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 21

இன்று மழை. வழக்கமான வழியில் தண்ணீர் நின்றதால் பள்ளிவாசலைச் சுற்றி வந்தேன். மூலையில் திரும்பினால் உமர் மாமா எதிரே வருகிறார். குடை பிடித்திருந்தார், துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவரிடமிருந்து கருவாடு வாசம் வந்தது. மாமி வீட்டில் கருவாடு சேர்ப்பதே இல்லை.

வாக்கிங்கா என்றார். ஆமா மாமா, நீங்க என்றேன். வாக்கிங் என்றார். இரண்டு பேரும் ஒரே குடையில் வீட்டுக்கு வந்து, மாமி போட்ட பரோட்டாவைச் சாப்பிட்டோம்.

அக்டோபர் 5

இரண்டாம் டப்பா கொடுத்தாயிற்று. மூன்று மாதம் முடிந்தது. மிச்சமிருக்கும் மூன்று மாப்பிள்ளைகளும் கொடுத்துவிட்டார்கள். சுலைஹா ஐஸ் பெட்டியில் வைத்து, பிஸ்மி சொல்லி மூடினாள். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். அவள் அதற்குள் பஸ் ஏறிவிட்டாள்.

ரெண்டு வாய்க் கஞ்சியில் என்ன தெரிந்துவிடப் போகிறது.

அக்டோபர் 30

தெரிந்துவிட்டது.

சுலைஹா திருநெல்வேலியிலிருந்து மத்தியானமே திரும்பிவிட்டாள். முகம் செத்துப்போயிருந்தது. லேப்டாப்பைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். ஒரே மாதிரி வயிறு உள்ளவர்களின் புள்ளிகள் கிட்டக் கிட்ட இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க வீட்டில் எல்லோரிடமும் டப்பா வாங்கியிருந்தாள். மாமி, சுலைஹா, அவள் தங்கை ரிஸ்வானா மூவரும் ஒரு மூலையில் ஒன்றாகக் குவிந்திருந்தார்கள். என் புள்ளி அங்கே போயிருக்க வேண்டும். போகவில்லை. ஜூலையில் எங்கே இருந்ததோ அங்கேயே, உம்மாவின் புள்ளியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. ஜூலையிலேயே உம்மாவிடமும் ஒரு டப்பா வாங்கியிருந்தார்கள். நாலு பேருக்கு உபயோகம் என்றால் எடுத்துக்கோங்க என்று அவள் கொடுத்தது.

அதைவிட விசித்திரம் இன்னொன்று. உமர் மாமாவின் புள்ளி மாமியின் பக்கத்திலேயே இல்லை. யாரோடும் சேராமல் படத்தின் நடுவில் தன்னந்தனியாக இருந்தது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் ஒரே அடுப்பில் சாப்பிட்டவர். மற்ற இரண்டு மாப்பிள்ளைகளும் நகரவில்லை.

இப்படி வர வாய்ப்பே இல்லை, நீ டப்பாக்களில் பேரை மாற்றி ஒட்டியிருக்கிறாய் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். திங்கட்கிழமை சுலைஹா போய்த் தன் தவறு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் ஊரை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவார்கள். பி.எச்டி. சீட்டும் அதோடு போகும். பேர் ஒட்டும்போது மூன்று தடவை சரிபார்த்தேனே என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவேளை தப்பு என்னுதுதானோ என்று கடைசியில் அவளே கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

நான் டீ போட்டுக் கொடுத்தேன். அதற்கு மேல் இன்று எனக்கு யோக்கியதை இருக்கவில்லை.

அக்டோபர் 31

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போகும் முன்பே சொல்லிவிட்டேன். கதவைச் சாத்திவிட்டு, ரெண்டு வாய் என்று ஆரம்பித்து, பிறகு ஒரு செம்புக் கஞ்சி என்று திருத்தி, அடை, கொள்ளு, கீரை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். உம்மா ரஸ்க் சாப்பிட்டதையும் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தினம் உங்ககிட்ட கேட்டு எழுதினேனே. என் கையால எழுதின அத்தனையும் பொய்யா?"

ஆமாம் என்றேன். நீங்க உம்மா வீட்டில் கஞ்சி குடித்தால் எனக்கு என்ன, சொல்லியிருந்தால் வேறு ஆளைத் தேடியிருப்பேனே என்றாள். மாமிக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார்கள் என்று பயந்தேன் என்றேன். எங்க உம்மா வருத்தம் பெரிசு, என் படிப்பு சின்னதா என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். தலைகுனிந்து கதவு வரை போய்விட்டேன்.

பின்னால் அவள் குரல் வேறு மாதிரி கேட்டது. "அப்போ நான் பேரை மாத்தி ஒட்டலை."

இல்லை என்றேன்.

"அப்போ எங்க வாப்பா புள்ளி?"

எனக்குக் கருவாடு வாசம் ஞாபகம் வந்தது. ஆனால் ஒரு மாப்பிள்ளையை இன்னொரு மாப்பிள்ளை காட்டிக்கொடுக்கக் கூடாது.

நவம்பர் 1

சுலைஹா காத்திருந்து, மத்தியானம் எல்லோரும் மேஜையில் உட்கார்ந்ததும் கேட்டுவிட்டாள். மாமி நெய்ச்சோறு பரிமாறிக்கொண்டிருந்தார். வாப்பா, நீங்க காலையில எங்க போறீங்க என்றாள். வாக்கிங் என்றார் மாமா. எதுவரைக்கும் வாக்கிங் என்றாள். மாமா என்னைப் பார்த்தார். நான் கத்தரிக்காயைப் பார்த்தேன்.

அப்புறம் மாமா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். முதலில் அவருடைய உம்மா வீட்டுக்கு, அவர்கள் மௌத்தான பிறகு அதே வீட்டில் இருக்கும் அக்கா மைமூன் லாத்தாவிடம். கேழ்வரகுக் கூழ், சுட்ட கருவாடு, கல்யாணமான மறு வாரத்திலிருந்து. லாத்தா விதவை, தனியாகச் சாப்பிட மாட்டாள், அதனால் போவேன் என்றார்.

ரிஸ்வானா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாமி நெய்ச்சோற்றுச் சட்டியோடு அப்படியே நின்றார்.

"அப்போ இருபத்தெட்டு வருஷமா என் கையால நீங்க சாப்பிட்டது ரெண்டாவது பசியாறலா?"

மாமா தலையை ஆட்டினார். மாமி சட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவர் கேட்ட அடுத்த கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஒரு நாளாவது மிச்சம் வெச்சதில்லையே, எப்படி முடிஞ்சுது என்றார்.

உன் ஆணத்தை மிச்சம் வைக்க யாருக்கு மனசு வரும் என்று மாமா முணுமுணுத்தார். மாமிக்குக் கோபம்தான், சந்தேகமில்லை. ஆனால் அவர் காதுவரை சிவந்துபோனதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். சாயங்காலம் ஒரு தூக்குச்சட்டி நிறைய நெய்ச்சோறு எடுத்துக்கொண்டு மைமூன் லாத்தா வீட்டுக்குப் போனார். திரும்பிவரும்போது அதே தூக்கில் கருவாடு இருந்தது.

சுலைஹா என்னோடு இன்னும் பேசவில்லை. ஆனால் தண்ணீர் கேட்டால் கொண்டுவந்து வைக்கிறாள், கொஞ்சம் சத்தமாக.

நவம்பர் 3

நானும் அவளோடு திருநெல்வேலிக்குப் போனேன். குற்றவாளி நேரில் வருவதுதான் முறை என்று அவளே சொன்னாள். பஸ்ஸில் இரண்டு பேருக்கும் நடுவில் லேப்டாப் பை உட்கார்ந்து வந்தது.

டாக்டர் பூங்கோதை கண்டிப்பான மனுஷி. நான் சொல்லி முடிக்கும்வரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிரேம் கோணலாக இருந்தது, சொல்லவில்லை. பிறகு மற்ற இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஒருவன் உம்மா வீட்டில் தினம் சோளக்கஞ்சி என்று ஒரு நிமிஷத்தில் ஒப்புக்கொண்டான். இன்னொருவன், என் மாமியார் பக்கத்தில் இருக்காங்க, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டான். அதுவே போதும் என்றார் டாக்டர். அப்புறம்தான் சிரித்தார். அடக்க முடியாமல், மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கிடைத்த தீர்ப்பு இது. சுலைஹா பேரை மாற்றி ஒட்டவில்லை. ஆனால் பொய் சொல்லி எழுதிய மூன்று மாதத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான், முதலிலிருந்து எல்லாம் மறுபடி. எல்லா ஊர்களிலும் வீட்டில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்றுதான் கேட்டோம், வேறு எந்த வீட்டில் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவே இல்லை என்றார் டாக்டர். தேயிலைத் தோட்டத்திலும் ஒத்துவராத சில புள்ளிகள் இருக்கின்றனவாம். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு தை மாதம் சேர்ந்துவிடு, அது உன் கேள்வி என்று சுலைஹாவிடம் சொன்னார்.

திரும்பி வரும்போது லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். ஆறுமுகநேரி தாண்டும்போது என் தோளில் தூங்கிவிட்டாள்.

நவம்பர் 5

இன்று சுபுஹ் முடிந்து கிளம்பினால் சுலைஹாவும் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். கையில் சமையல் தராசு. இனி நான் தின்பதை எல்லாம் அவளே எடை போட்டு எழுதுவாளாம், என் வாயை நம்புவதாக இல்லை.

அவளைப் பார்த்ததும் உம்மா பதறிவிட்டாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றே நினைத்தாள் போலிருக்கிறது. வாங்க வாங்க என்று மரியாதையாகக் கூப்பிட்டு, புது விரிப்பை எடுத்துப் போட்டு, ஷெல்பிலிருந்த ரஸ்க்கைத் தட்டில் அடுக்கி, கலர் சோடாவை உடைத்தாள். மருமகள் அந்த வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் இதுவரை இரண்டு தடவை வந்திருக்கிறாள். உங்க பிள்ளை என்னிடம் எல்லாம் சொல்லிவிட்டார் மாமி என்று சுலைஹா சொன்னதும் உம்மாவின் கை அப்படியே நின்றது. இனிமேல் அவன் வரமாட்டான் என்று சொல்லத்தான் வந்தியாம்மா என்று மெல்லக் கேட்டாள்.

இல்லை, தினம் வரட்டும், ஆனா எடை போடணும் என்றாள் சுலைஹா.

உம்மாவுக்கு எடை விஷயம் புரியவில்லை, தினம் என்பது மட்டும் புரிந்தது. உள்ளே போனவள் திரும்பி வர நேரமாயிற்று. வரும்போது கண் துடைத்த தடம் இருந்தது, கையில் கஞ்சிச் சட்டி. எனக்கு ஊற்றினாள், சுலைஹா தராசில் வைத்து எழுதினாள். கீரை வைத்தாள், எழுதினாள். வெங்காயத்தையும் விடவில்லை. அதற்குள் உம்மா இன்னொரு கிண்ணத்தை நிறைத்து அவள் முன்னால் தள்ளினாள்.

சுலைஹா யோசித்தாள். அவளும் அந்தப் படத்தில் ஒரு புள்ளி. மாமி, ரிஸ்வானாவோடு ஒட்டிக்கொண்டிருக்கிற புள்ளி. இங்கே தினம் சாப்பிட ஆரம்பித்தால் அது நகர்ந்துவிடும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? என்னைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், ரஸ்க் தட்டைப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தைத் தூக்கித் தராசில் வைத்து, எடையை எழுதி, எதிரே தன் பேரைப் போட்டுக்கொண்டு குடிக்க ஆரம்பித்தாள். கீரை இன்னும் இருக்கா மாமி என்று கேட்டாள். அதையும் எடை போட்டாள்.

உம்மா ரஸ்க் தட்டை எடுத்துப் பாக்கெட்டில் திரும்பக் கொட்டினாள். நான் கை கழுவ எழுந்தேன். வழக்கமான கேள்வி வரும், நாளைக்குச் சோளப் பணியாரம் கேட்கலாம் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். கேள்வி வந்தது. ஆனால் உம்மா என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நாளைக்கு என்ன செய்யட்டும் மவளே?"